பல்லி விழுந்த தொட்டி

கிட்டே வந்து உட்காருங்க. இன்னும் கொஞ்சம் கிட்டே. தொட்டி விளிம்பில் மட்டும் உட்கார்ந்துவிடாதீங்க, முதல் கோட்டு நேற்று அடித்தது, இப்போதுதான் விரலில் ஒட்டாமல் இருக்கிறது. செத்துப்போனவர் வேட்டியில் பெயின்ட் ஒட்டுமா ஒட்டாதா எனக்குத் தெரியாது, ஆனாலும் உங்களை நம்ப முடியாது. பெயின்ட் ஈரம் என்று பலகை மாட்டியிருந்த ரயிலடி பெஞ்சில் போய்ச் சாய்ந்து, சட்டை முதுகில் கோடு கோடாக வாங்கிக்கொண்டு வந்து, “தவமணி, பாரேன், அணில் மாதிரி இருக்கேன்” என்று சிரித்த ஆள்தானே நீங்க. அந்த முக்காலியில் உட்காருங்க. நான் வாயைத் திறந்து பேசப்போவதில்லை, மூக்கையும் வாயையும் உங்க பழைய துண்டால் சேர்த்துக் கட்டியிருக்கிறேன், இந்த நாற்றம் அப்படி. உள்ளுக்குள்ளேயே சொல்கிறேன். இருந்தபோது காது இருந்தும் உங்களுக்குக் கேட்கவில்லை, இப்போது உங்களுக்கு வேறு வேலை இல்லை, கேளுங்க. கடைக்காரர் இரண்டு டப்பா கொடுத்தார். பெரியதில் வெள்ளை, சின்னதில் தேன் மாதிரி ஒன்று, பெயின்ட்டை இறுக வைக்கிற ஹார்டனராம். “ரெண்டையும் கலக்கிட்டீங்கன்னா அப்புறம் நிக்கக் கூடாதும்மா. போன் அடிச்சா எடுக்காதீங்க, வாசல்ல யாரு கூப்புட்டாலும் போவாதீங்க. பாதியில விட்டீங்க, டப்பாக்குள்ளயே கல்லாயிரும். அடிச்ச எடமும் அடிக்காத எடமும் தழும்பு மாதிரி தனியாத் தெரியும், அப்புறம் சொரண்டினாலும் போவாது” என்றார். ஆள் அனுப்பட்டுமா என்றார். வேண்டாம் என்றேன். ஆசிட் ஊற்றிக் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, துரு தின்ற பள்ளத்திலெல்லாம் பட்டி வைத்து, தின்னரால் துடைத்து, இத்தனையும் இந்த இரண்டு கை செய்தது, கடைசிக் கோட்டுக்கு மட்டும் ஒரு ஆளா. கலக்கிவிட்டேன். குச்சியைத் தூக்கினால் பாயசம் மாதிரி ஒழுகுகிறது. இன்றைக்கு வியாழக்கிழமை. உங்க தங்கச்சி கோமளம் நாளைக்கு வருகிறாள். பார்த்துவிட்டுப் போக இல்லை, இருப்பதற்கு வருகிறாள். வரட்டும். இது நன்றாகக் காயும்வரை இந்தக் கதவுக்குப் பூட்டு, சாவி என் இடுப்பில். காய்ந்ததும் முதலில் உள்ளே இறங்குவது நான். காலை நீட்டிப் படுப்பது நான். அவள் வெளியே, கொல்லையில், சாக்கடை ஓரத்தில் உட்கார்ந்து குளிப்பாள். இதைத் தவிர எனக்கு இந்த உலகத்தில் ஒன்றும் வேண்டியதில்லை. அவளுக்கு நான் சோறு போடுவேன், பாய் போடுவேன், காய்ச்சல் வந்தால் கஞ்சி வைப்பேன். தொட்டியில் மட்டும் அவள் கை படக்கூடாது.

தலைமாட்டில் ஆரம்பிக்கிறேன். தொட்டிக்குத் தலைமாடு உண்டு, வெள்ளைக்காரத் துரை படுத்துக் குளித்ததல்லவா, சாய்ந்துகொள்ளச் சரிவாக இருக்கிறது. உங்க அப்பா பொன்மலை ரயில்வே வொர்க்ஷாப்பில் ஃபிட்டராக இருந்தபோது, ஏதோ ஒரு ஆபீசர் பங்களாவை இடித்து ஏலம் போட்டார்களாம், அதில் எடுத்தது. வார்ப்பிரும்பு. நாலு காலும் சிங்கக்கால். கூடவே சாக்கு சாக்காக வெள்ளை டைல்ஸ், ஓரத்துக்குப் பச்சைப் பட்டை. துரை வீட்டுச் சாமான் வந்தது, துரை வீட்டுத் தண்ணீர் வரவில்லை. குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள், அதுவும் நூல் மாதிரி. அதனால் இந்த வீட்டில் ஒருத்தரும் இதில் இறங்கிக் குளித்தது கிடையாது. ரப்பர் அடைப்பானைப் போட்டு நிரப்பி வைத்துக்கொள்வது, பக்கத்தில் நின்று மொண்டு ஊற்றிக்கொள்வது. படுத்துக் குளிக்கச் செய்ததைத் தண்ணீர்ப் பானையாக்கிவிட்டோம். நான் வந்த அன்றைக்கு, ரிஜிஸ்டர் ஆபீஸ் மாலை கழுத்தில் கசங்கிக்கிடக்க, நீங்க என்னை முதலில் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினது உங்க அம்மாவைக்கூட இல்லை, இந்தத் தொட்டியைத்தான். “எங்க தெருவுலயே நம்மகிட்டதான் இருக்கு” என்றீங்க. நான் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கத்துப் பெண். எங்கள் பக்கம் குழாயே கிடையாது, இவ்வளவு தண்ணீரை ஒரே இடத்தில் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கையை விட்டு அளையவேண்டும்போல் இருந்தது. கையை நீட்டினேன். நீட்டின கைக்கு நடுவில் ஒரு சொம்பு வந்தது. அலுமினியச் சொம்பு, வயிற்றில் ஒரு நசுங்கல். கோமளம். பதினேழு வயசு, இரட்டைப் பின்னல், கன்னத்தில் குழி. “நீங்க சிரமப்படாதீங்க அண்ணி, நான் மொண்டு தரேன்.” நீங்க பூரித்துப்போனீங்க. “பாத்தியா, எந்தங்கச்சிக்கு ஒம்மேல எவ்ளோ பாசம்” என்றீங்க. பாசம். அன்றைக்கு ஆரம்பித்தது. நான் குளிக்க வேண்டுமென்றால் கொல்லைக் கல்லுக்குக் கீழே ஈரத்தரையில் போய் உட்காரவேண்டும், அவள் உள்ளேயிருந்து வாளியில் மொண்டு வந்து வைப்பாள். வாளியிலிருந்து நான் எடுத்து ஊற்றிக்கொள்ள அந்த நசுங்கின சொம்பு. குளித்து முடித்தபின் அந்தச் சொம்பு உள்ளே போகக்கூடாது, சாக்கடை ஓரத்தில் கவிழ்த்து வைத்துவிட வேண்டும். யார் சொன்னது என்று கேட்பீங்க. யாரும் சொல்லவில்லை. சாதி பெயரை இந்த வீட்டில் ஒருத்தரும் வாயால் சொன்னது கிடையாது. உங்க அம்மா ஒரு பெருமூச்சு விடுவாள், “கேட்டுக்கு அந்தப் பக்கம்” என்பாள், அதோடு சரி. மீதியெல்லாம் கோமளம் சிரிப்பிலேயே செய்துவிடுவாள். கெட்டிக்காரி. தெருவே சொல்லும், உங்க வீட்டில் அவள்தான் கெட்டிக்காரி என்று.

இழு. ஒரே பக்கமாக இழு. திரும்ப மேலே போகாதே, பிரஷ் முடி உதிரும். ஒரு முடி ஒட்டிக்கொண்டது, நகத்தால் எடுக்கிறேன், எடுத்த இடம் குழி, குழியை மூட இன்னொரு இழுப்பு. அந்த வென்டிலேட்டரில் ஒரு பல்லி இருக்கிறது, பாருங்க. காலையிலிருந்து அதே இடம். கண்ணைக் கூடச் சிமிட்டவில்லை. விழுந்துவிடாதே தாயே. இன்றைக்கு நீ விழுந்தால் நான் யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள், நானே நம்பமாட்டேன். உங்களுக்கு நினைவிருக்கும், எனக்கு நினைவிருக்கிற மாதிரி இல்லாவிட்டாலும் இருக்கும். வந்த புதிதில் ஒரு மத்தியானம், எல்லாரும் தூங்குகிற நேரம், வெயில் ஓட்டைப் பிளக்கிறது, எனக்கு நெஞ்சு காய்ந்து, சும்மா ஒரு கை, ஒரே ஒரு கை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டேன். என்ன குளிர்ச்சி. திரும்பினால் வாசற்படியில் கோமளம். சிரித்தாள். வழிவிட்டாள். நான் கூடத்துக்கு வந்து பாயில் படுத்தபிறகு சங்கிலிச் சத்தம் கேட்டது, அடைப்பானைப் பிடுங்குகிற சத்தம். பிறகு தொட்டி இறங்குகிற சத்தம். முதலில் சத்தமே இருக்காது, சுழி விழுந்தபிறகுதான் கேட்கும், களக் களக் என்று, கடைசியில் வயிறு முட்டத் தின்றவன் விடுகிற மாதிரி ஒரு ஏப்பம். உங்க அம்மா எழுந்து உட்கார்ந்தாள். “ஏண்டி, ரெண்டு நாளு தண்ணிய இப்புடித் தொறந்து வுடுற?” “பல்லி வுழுந்துருச்சும்மா.” எவ்வளவு மெதுவாகச் சொன்னாள் தெரியுமா, பல்லிக்குக்கூட மனசு நோகாத மாதிரி. சாயங்காலம் வொர்க்ஷாப் சங்கு ஊதி வேலை விட்டு நீங்க வந்தீங்க, பஞ்சாயத்துப் பம்பிலிருந்து வாளி வாளியாக நீங்கதான் சுமந்து நிரப்பினீங்க. வேர்வையைத் துடைத்துக்கொண்டு என்ன சொன்னீங்க? “இந்த ஊட்டுல பல்லி அதிகமாப் போச்சு, ஓட்டுல மருந்து வைக்கணும்.” வைத்தீங்க. நல்ல மனுஷன், நிஜமாகவே போய் மருந்து வாங்கி வந்து வைத்தீங்க. அப்புறமும் விழுந்தது. என் முந்தானை பட்டால் விழுந்தது. மழைநாளில் கால் வழுக்கி விளிம்பைப் பிடித்தேன், விழுந்தது. ஒரு பல்லியின் வாலைக்கூட யாரும் பார்த்தது கிடையாது. அந்த ஏப்பச் சத்தம் கேட்டால் இன்றைக்கும் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொள்கிறேன், எங்கே கேட்டாலும், ஓட்டலில் கை கழுவுகிற இடத்தில் கேட்டாலும்.

சத்தம். இருங்க. செருப்பு. சரக், டப். சரக், டப். வலது கால் தரையை வழிக்கும், இடது கால் தட்டும், பதினேழு வயசிலிருந்து அதே நடைதான். இல்லை, இருக்காது, நாளைக்கல்லவா. சரக், டப். வாசலில் தகரப் பெட்டி இறங்குகிற சத்தம். வாசற்கதவைத் தாழ் போட்டேனா? போடவில்லை. போடவேண்டும் போடவேண்டும் என்று நினைத்துக்கொண்டே கலக்கிவிட்டேன். “அண்ணி... அண்ணியோவ்...” கூடத்துக்கு வந்துவிட்டாள். ஒரு வார்த்தை கேட்காமல் நடுக்கூடம் வரை வந்தாயிற்று. அடுப்படிக்குப் போகிறாள். பானை மூடியைத் திறக்கிறாள், டம்ளர், அண்ணாந்து மடக் மடக்கென்று குடிக்கிறாள், மூடியைச் சரியாக மூடவில்லை, கோணலாக மூடின சத்தம். நான் தலைமாடு முடித்துப் பக்கவாட்டில் இருக்கிறேன். பிரஷ் நிற்கக்கூடாது. நிற்காதே. அவள் கதவுக்கு வந்துவிட்டாள், மூச்சு கேட்கிறது, மூச்சில் விசில் இருக்கிறது, இளைப்பு போல. “அண்ணி, உள்ளயா இருக்கீங்க? என்ன நாத்தம் இது? ஏதும் குடிச்சு கிடிச்சு வச்சிட்டீங்களா?” வந்ததும் வராததுமாக என்னைச் சாகடித்துப் பார்க்கிறாள். துண்டைக் கீழே இழுத்துக்கொண்டு சொன்னேன்: “பெயின்ட் அடிக்கிறேன்.” “பெயின்டா? எதுக்கு?” “தொட்டிக்கு.” “அப்பா தொட்டிக்கா?” “என் தொட்டிக்கு.” சொல்லிவிட்டேன். பெயின்ட் ஒரு சொட்டு பெருவிரலில். “நாளைக்குத்தானே வர்றேன்னே” என்றேன். “எம்மருமக பொட்டியக் கட்டி வாசல்ல வச்சிட்டா அண்ணி. பொட்டி வாசல்ல இருக்கறப்ப நாளு பாக்க முடியுங்களா?” சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பில் கன்னக்குழி இன்னும் விழுகிறதா என்று இந்தக் கதவு வழியாக எனக்குத் தெரியவில்லை. பாவம் என்று ஒன்று உள்ளே கசிந்தது, உடனே துடைத்துவிட்டேன், தின்னரில் முக்கின துணியால் துடைக்கிற மாதிரி. பாவமாம். “கதவத் தொறங்களேன், பாப்போம்.” “முடியாது. கலக்கியாச்சு. நிறுத்துனா கல்லாயிரும்.” “எது?” “பெயின்டு.” “இந்த வயசுல நீங்க ஏன் அண்ணி சிரமப்படணும், ஆளு வச்சிருக்கலாம்ல.” கேட்டீங்களா. கேட்டீங்களா அந்த வார்த்தையை. தலை நரைத்தது, தாலி போயிற்று, வீடு போயிற்று, அந்த வார்த்தை மட்டும் அவள் வாயிலிருந்து போகவில்லை.

நீங்க கேட்பீங்க, இன்னும் எத்தனை காலத்துக்கு இதையே பிடித்துக்கொண்டிருப்பாய் தவமணி என்று. நம்ம பிள்ளை செழியன்கூடப் போனில் அதைத்தான் கேட்டான், “அத்தைக்கு வேற யாரும்மா இருக்கா, நீ ஏன் ஒரு மாதிரி பேசற?” அவனுக்கு அத்தை என்றால் உயிர். இருக்காதா? என் வயிற்றில் பிறந்து ஆறு மாசத்தில் அவனைத் தூக்கிக்கொண்டுபோய் இந்தத் தொட்டி விளிம்பில் உட்காரவைத்தாள், இரண்டு கையையும் தண்ணீருக்குள் விட்டு அடிக்கவிட்டாள். சளார் சளார் என்று அவன் அடிக்க, அவள் முகமெல்லாம் நனைய, “எங்க ஊட்டுச் சிங்கக்குட்டிடா” என்று கொஞ்சினாள். நான் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து மாசம் என் உடம்புக்குள் இருந்த கை, என் ரத்தத்தில் ஊறின கை, அது தொட்டியில் போகலாம், அன்றைக்குப் பல்லி விழவில்லை. அவனை என்னிடம் தந்தபோது அவன் கை ஈரமாக இருந்தது, அந்த ஈரத்தை நான் என் கன்னத்தில் வைத்துக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை. அவள் பார்த்தாள். அவள் எல்லாவற்றையும் பார்ப்பாள். அப்புறம் அவளை லால்குடியில் கட்டிக்கொடுத்தீங்க, உங்க அம்மா போய்ச் சேர்ந்தாள், வீடு நமக்கென்று ஆயிற்று. அன்றைக்குக் காலையில் தனியாக வந்து இந்தத் தொட்டி முன்னால் நின்றேன். தண்ணீர் விளிம்பு தட்டி நிற்கிறது. ஒருத்தரும் இல்லை. கையை நீட்டினேன், விளிம்பு வரை வந்தது, அதற்குமேல் போகவில்லை. பக்கவாதம் வந்த மாதிரி நின்றுவிட்டது. வாளியில் கொண்டுவரச் சொல்லி உங்களைத்தான் கேட்டேன். ஒருநாள் நீங்களே கேட்டீங்க, “நீ ஏன் தொட்டியில மொள்ளவே மாட்டேங்கற?” “பழகிப்போச்சு” என்றேன். அதற்குமேல் நீங்க கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். ஒரே ஒரு கேள்வி கூடக் கேட்டிருந்தால் நான் கொட்டியிருப்பேன். நீங்க கேட்காமல் போய், நான் சொல்லாமல் போய், கடைசியில் நீங்களும் போய்ச் சேர்ந்தீங்க, உங்களைக் குளிப்பாட்டத் தண்ணீர் மொண்டது யார்? அவள்தான். லால்குடியிலிருந்து அழுதுகொண்டு வந்தவள் நேராக இங்கே வந்தாள், “எங்க அண்ணனுக்கு நான்தான்” என்று மொண்டு மொண்டு கொடுத்தாள், நான் கூடத்தில் மூலையில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். உங்களைத் தூக்கிக்கொண்டு போனபிறகு சாவு விழுந்த வீட்டுத் தண்ணீர் ஆகாது என்று தொட்டியைத் திறந்துவிட்டாள். களக் களக். அந்த ஏப்பம். அன்றைக்கு மட்டும்தான் பல்லி என்று அவள் சொல்லவில்லை. அதனால்தான் இந்த வெள்ளை. புரிகிறதா உங்களுக்கு? பழைய எனாமலின் மேல்தான் அவளுடைய சட்டமெல்லாம் எழுதியிருக்கிறது. அது தெரியாத அளவுக்கு மூடிவிட்டால் இது வேறு தொட்டி. இதில் என் கை போகும்.

கால்மாட்டுக்கு வந்துவிட்டேன். ஓட்டையைச் சுற்றி அடிப்பதுதான் கஷ்டம், பித்தளை வளையத்தில் படாமல் அடிக்கவேண்டும். டப்பாவில் இருப்பது இப்போது பாயசம் இல்லை, கூழ். பிரஷ் இழுபடுகிறது. சுவரில் டைல்ஸெல்லாம் முன்னமேயே முடித்துவிட்டேன், இடுக்கில் இருந்த கறுப்பைச் சுரண்டி ஒயிட் சிமெண்ட் பூசி, பச்சைப் பட்டை என்ன பச்சையாக எழுந்து வந்துவிட்டது பாருங்க. அவள் இன்னும் கதவுக்கு அந்தப் பக்கம்தான். போகவில்லை. “அண்ணி, குளிக்கணும். பஸ்ஸுல ஒரே வெயிலு, ஒடம்பு பூரா கசகசங்குது.” இதற்காகத்தான் காத்திருந்தேன். நாளைக்கு என்று நினைத்திருந்தேன், இன்றைக்கே என்றால் இன்றைக்கே. “பின்னாடி டிரம்முல தண்ணி இருக்கு” என்றேன். “சரிண்ணி.” “சொம்பும் இருக்கு.” “எந்தச் சொம்பு?” “போய்ப் பாரு.” செருப்பு நகரவில்லை. அப்புறம் நகர்ந்தது. சரக், டப். கொல்லைப் பக்கம். இன்று காலையில் நான் என்ன செய்தேன் என்று உங்களுக்குச் சொல்லவில்லையே. பரணிலிருந்து அந்த நசுங்கின அலுமினியச் சொம்பை எடுத்தேன். புளி போட்டுத் தேய்த்தேன். கொல்லைக் கல்லின் பக்கத்தில், சாக்கடை ஓரத்தில், எந்த இடத்தில் எனக்கு இருந்ததோ அதே இடத்தில் கவிழ்த்து வைத்தேன். அவள் டிரம்மில் கையை விடப்போகிற நேரம் நான் போய் நடுவில் நிற்கவேண்டும். நின்று சிரிக்கவேண்டும். “நீ சிரமப்படாத கோமளம், நான் மொண்டு தரேன்.” இவ்வளவுதான். இதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்திருக்கிறேன், காய் நறுக்கும்போது, கோலம் போடும்போது, உங்க திவசத்துக்கு எள் தண்ணீர் இறைக்கும்போதுகூட. சத்தம் உயரக்கூடாது. சிரமப்படாத என்கிற இடத்தில் கொஞ்சம் இழுக்கவேண்டும், அவள் இழுக்கிற மாதிரியே. அவளுக்குப் புரியவேண்டும், புரிந்து வாய் திறக்க முடியாமல் நிற்கவேண்டும், நான் நின்ற மாதிரி.

ஆனால் கோட்டு முடியவில்லை. இதை நான் யோசிக்கவில்லை. அவள் இப்போதே போய்விட்டாள், நான் இங்கே இருக்கிறேன். கால்மாட்டில் ஒரு முழம் பாக்கி. இதை விட்டுவிட்டு ஓடினால் தழும்பு விழும், ஆயுசுக்கும் அடிக்காத இடம் தெரியும், நான் படுத்தால் சரியாகக் காலுக்கு நேரே. முடித்துவிட்டுப் போனால் அதற்குள் அவள் டிரம்மில் கையைவிட்டு மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டு முடித்திருப்பாள், அந்த வார்த்தைக்கு அப்புறம் என்ன மதிப்பு. நாளைக்குச் சொல்லலாமே என்று நீங்க சொல்வீங்க. நாளைக்குச் சொன்னால் அது வெறும் பேச்சு. முதல் தடவை சொல்லவேண்டும். எனக்கு முதல் தடவைதான் சொன்னாள். கை வேகமாகப் போகிறது, வேகமாகப் போனால் அலை அலையாக நிற்கிறது, அலை மட்டமாகவில்லை, மேலே இழுக்கிறேன், ஒட்டிக்கொண்டு நூல் மாதிரி எழும்புகிறது, இந்த நாற்றம், கண்ணெல்லாம் தண்ணீர், இது பெயின்ட் தண்ணீர், அழுகை இல்லை. வெளியே ஒரு சத்தமும் இல்லை. டிரம் மூடி திறக்கிற சத்தம் வந்திருக்கவேண்டும். மொள்ளுகிற சத்தம் வந்திருக்கவேண்டும். ஏன் வரவில்லை? தண்ணீரைத் திறந்துவிட்டாளா? டிரம்முக்கு அடியில் ஒரு குழாய் இருக்கிறது, அதைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாளா, பல்லி என்று சொல்வதற்கு? காதைத் தீட்டுகிறேன். களக் களக் இல்லை. ஒன்றுமே இல்லை. என் பல்லி வென்டிலேட்டரிலேயே இருக்கிறது, தலையை மட்டும் கொல்லைப் பக்கம் திருப்பிக்கொண்டது. எழுந்திருங்க கொஞ்சம், அந்த முக்காலி எனக்கு வேண்டும். ஏறுகிறேன். பிரஷ் கையில்தான் இருக்கிறது. வென்டிலேட்டர் கண்ணாடிப் பட்டைகளைக் கொஞ்சம் தூக்கினால் கல் தெரியும், டிரம் தெரியும்.

தெரிகிறாள். என்ன இப்படி ஆகிவிட்டாள். முதுகு கூன் போட்டு, பின்னல் இருந்த இடத்தில் ஒரு எலுமிச்சம்பழம் அளவுக்குக் கொண்டை, புடவையை மார்பு வரை ஏற்றிக் கட்டியிருக்கிறாள், தோள்பட்டை எலும்பு இரண்டும் துருத்திக்கொண்டு. குந்தியிருக்கிறாள். கையில் சொம்பு. அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். நசுங்கலில் பெருவிரலை வைத்துத் தடவுகிறாள், எதையோ உள்ளேயிருந்து வெளியே தள்ளி நேராக்கப் பார்க்கிற மாதிரி. டிரம் மூடி திறக்கவில்லை. மொள்ளு. மொள்ளடி. மொண்டுவிட்டால் நான் இங்கிருந்தே கத்திவிடுவேன், வார்த்தை நாக்கு நுனியில் நிற்கிறது. அவள் நிமிர்ந்தாள். நான் இங்கே நிற்பது தெரியாது, கண்ணாடிக்குப் பின்னால் இருட்டு, ஆனாலும் நேராக இந்தப் பக்கம் பார்த்தாள். “அண்ணி.” “என்ன?” “சாவு ஊட்டுக்குப் போயிட்டு வரேன். தண்ணியில கை வைக்கக் கூடாது. நீங்க வந்து மொண்டு ஊத்துறீங்களா?” எனக்கு முதலில் புரியவில்லை. “யாரு செத்தது?” என்றேன். “நம்ம பால்காரரு. சின்னசாமி அண்ணன்.” சின்னசாமி. சின்னசாமி செத்தபோது நீங்கதானே மாலை வாங்கிக்கொண்டு போனீங்க, கோமளத்துக்கு லால்குடிக்குத் தகவல் சொன்னதே நீங்கதான், அவரும் போய் நீங்களும் போய் எத்தனை வருஷம். சாவு வீட்டுக்குப் போனவள் நடுக்கூடம் வரை வருவாளா? அடுப்படிக்குப் போய்ப் பானையில் மொண்டு குடிப்பாளா? அவளுக்குத் தெரியும் எனக்குத் தெரியும் என்று. பல்லி. இதுவும் பல்லி. எனக்காக எத்தனையோ பல்லியை இந்தத் தொட்டியில் போட்டவள், இன்றைக்கு ஒன்றைத் தனக்குத்தானே போட்டுக்கொண்டாள். சிரித்துக்கொண்டு போட்டாளா, அழுதுகொண்டு போட்டாளா, இங்கிருந்து தெரியவில்லை. நான் சொல்லவேண்டியதை அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள். இனிமேல் நான் போய் ஊற்றினால் அவள் கேட்டு நான் ஊற்றுகிறேன், போகாவிட்டால் சாவுத் தீட்டோடு ஒரு கிழவியைக் கல்லடியில் உட்காரவைத்தவள் நான். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவள் முன்னமே அங்கே உட்கார்ந்திருக்கிறாள். வாய் திறக்கிறேன், அந்த வார்த்தை இல்லை. பிரஷ்ஷைப் பார்க்கிறேன், முடியெல்லாம் சேர்ந்து ஒரே கட்டை. டப்பாவில் குச்சி செங்குத்தாக நிற்கிறது, ஆட்டினால் டப்பாவும் சேர்ந்து வருகிறது. தொட்டிக் கால்மாட்டில் ஒரு முழம், நேற்றைய முதல் கோட்டுக்கு அடியில் பழைய எனாமல் மஞ்சளாகத் தெரிய, அப்படியே. “நான் கை வைக்கல அண்ணி” என்றாள் மறுபடியும், பதினேழு வயசுக் குரலில். “நீங்க முடிச்சிட்டு மெதுவா வாங்க.” சொல்லிவிட்டு அந்தச் சொம்பைச் சாக்கடை ஓரத்தில், நான் வைத்திருந்த அதே இடத்தில், வாய் கீழாகக் கவிழ்த்து வைத்தாள். வைத்துவிட்டு, எனக்கு முதுகைக் காட்டி, கல்லின் மேல் ஏறாமல், நான் உட்கார்ந்து குளித்த ஈரத்தரையில் உட்கார்ந்துகொண்டாள்.